அப்பா வீட்டுப் பேருல ஒரு கையெழுத்து

வேலைக்குச் சேர்ற அன்னிக்கே, தேதி போடாத ராஜினாமா கடுதாசியில நீங்க கையெழுத்து போட்டிருக்கீங்களா? ஹாஸ்கொவோ ஊர்ல இந்தத் தையல் ஃபாக்டரிப் பொம்பளைங்க அத்தனை பேரும் போட்டவங்கதான். இப்ப எல்லாரையும் துரத்தியாச்சு. கடுதாசியில முதலாளி கையால போன மாசத் தேதி ஏறியிருக்கு. தானா விலகினவங்கன்னா வேலையில்லாக் காலத்துக்கு அரசாங்கம் தர்ற பணம் பாதிகூட வராது. அந்தப் பணம் தர்ற ஆபீஸோட மேல்முறையீட்டு ஜன்னல்ல, அவங்கள்ல ஒருத்தி நெவேனா நிக்கிறா. பின்னாலேயே கூடத் தைச்ச ஸ்டாங்கா. கண்ணாடியில வெயில் கூசுது, உள்ள எங்கயோ முத்திரை குத்துற சத்தம். "நீங்க போட்ட கையெழுத்துதானேம்மா?" அதிகாரி கடுதாசியத் தட்டுறார். "நான் போட்டதுதான் சார். பேரைப் படிங்க." "நெவேனா பெத்கோவா." ஊசி ஏறித் தழும்பான விரலால அடையாள அட்டையை நெவேனா மெதுவாத் தள்ளுறா. "கல்யாணமாகி ஆறு வருஷமா நான் திமோவா. போன மாசம் எதுக்கு சார் அப்பா வீட்டுப் பேருல போடப்போறேன்? புருஷன் கோவிச்சுக்க மாட்டானா?" வரிசை கொல்லுன்னு சிரிக்குது. அவ சிரிக்கல, குரலையும் உசத்தல. அதிகாரி அட்டையையும் கடுதாசியையும் மாத்தி மாத்திப் பாக்குறார், அப்புறம் மனுவை வாங்கி முத்திரை குத்துறார். நெவேனாவோட நேரான முதுகை ஸ்டாங்கா கண்ணு எடுக்காம பாக்குறா. மறுநாள் காலையில அதே ஜன்னல்ல ஸ்டாங்கா நிக்கிறா, கையில தன்னோட கல்யாணச் சான்றிதழ்.