ஜூலையின் அறுபது ஜிபி

மட்டாஞ்சேரி வீட்டில் மாதக் கடைசியானால் வெங்கிடேஷ் தன் லினக்ஸ் கம்ப்யூட்டரில் நெட் எவ்வளவு செலவாயிற்று என்று பார்ப்பான். பெரும்பகுதியைத் தின்பது மகள் மாளவிகாவின் ஆன்லைன் பாட்டு வகுப்புதான். ஜூன் முழுக்க அவள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தாள். சின்ன பிளானுக்கு மாறிவிடலாம் என்றுதான் இன்று அந்தக் கணக்கைத் திறந்தான்.

ஜூன் முப்பது. ஆனால் ஜூனுக்குக் கீழே ஜூலையும் இருந்தது. அறுபது ஜிபி. கடிகாரம் சரியாகவே ஓடியது. அணைத்துப் போட்டும் ஜூலை போகவில்லை. நாள்வாரியாகப் பார்த்தான். ஜூலை பத்தொன்பதாம் தேதியிலிருந்து தினமும் மாலை ஐந்து முதல் ஆறு வரை. மாளவிகாவின் பாட்டு வகுப்பு நேரம்.

ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி ஸ்வர்ணலதா அழைத்தாள்.

"ஏன்னா, குழந்தை கண்ணைத் தொறந்துட்டா! பாட்டு க்ளாஸ் உண்டோன்னு கேக்கறா."

வெங்கிடேஷ் திரையை இன்னொரு தடவை பார்த்தான்.

"பத்தொம்பதாம் தேதிலேர்ந்து உண்டுன்னு சொல்லு."