குழாயில் மிச்சம்

ரத்த வாந்தி எடுத்த மறுநாள் மாசிலாமணி, தன் வீட்டுச் சரக்குக் குழாயைத் துண்டிக்கச் சொல்லி, மதுக்குழாய் வாரியத்தின் குடிநிறுத்த உதவி எண்ணுக்குப் போன் போட்டார். குழாய் போட்டுக் கொடுத்ததும் அதே வாரியம்தான். மக்கள் நலனில் அப்படியொரு அக்கறை.

எடுத்த பெண்குரல் தேன் ஒழுகப் பேசியது.

“நல்ல முடிவு சார். காரணம் தெரிஞ்சுக்கலாமா?”

“ரத்தமா வாந்தி வருதும்மா.”

“வருத்தமா இருக்கு சார். உங்கள மாதிரி பழைய வாடிக்கையாளருக்குன்னே, வயித்துக்கு இதமா சீரகம் போட்ட சரக்கு வந்திருக்கு. ஆறு மாசத்துக்குப் பாதி விலை.”

மாசிலாமணி யோசிக்க ஆரம்பித்தார். மனைவி செண்பகம் போனைப் பிடுங்கினாள். “ஆள அனுப்புறியா, நானே சுத்தியலால ஒடைக்கட்டுமா?”

ஆள் வந்தான். சமையலறையில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்த அந்தக் குழாயைத் திருகி, மிச்சத்தை ஒரு டம்ளரில் பிடித்தான்.

“இதக் கீழ ஊத்தக் கூடாதுக்கா, அரசாங்கச் சொத்து. வீட்டாளுங்க யாராச்சும் குடிச்சுத் தீத்தாத்தான் கணக்கு முடியும்.”

“நீயே குடிச்சிடேன்.”

“எங்களுக்கு வேல போயிரும்க்கா.”

மாசிலாமணியின் கை தானாக நீண்டது. செண்பகம் முந்திக்கொண்டு டம்ளரை எடுத்தாள். இத்தனை வருஷமாக அவள் முகம் சுளித்த நாற்றத்தை, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் விழுங்கினாள். குமட்டலை அடக்கியபடி, “இப்ப மூடு” என்றாள்.

குழாயின் விளக்கு அணைந்தது. அவள் வாயைத் துடைப்பதற்குள் மறுபடி எரிந்தது.

“வாங்க செண்பகம் மேடம்” என்றது குழாயிலிருந்து அதே தேன்குரல். “புது வாடிக்கையாளருக்கு முதல் மாசம் இலவசம்.”