அரண்மனை மணி

கயிறு இற்றுப் போயிருக்குமோ என்று பயந்துகொண்டேதான் இழுத்தாள்.

மணி ஒலித்தது.

நாற்பது அறை அரண்மனையில் இரண்டே பேர். அவளும் கணவரும். அவர் பின்கட்டில் நெஞ்சைப் பிடித்தபடி சரிந்து கிடந்தார். மூன்று நாள் மழையில் கரண்ட் இல்லை. போனில் உயிர் இல்லை.

அவள் வாழ்க்கைப்பட்டு வந்த முப்பது வருடத்தில் அந்த மணியை யாரும் அடித்ததில்லை. ஜமீன் காலத்தில் அடிப்பார்களாம். வீட்டுக்கு ஓர் ஆள் கூலியில்லா வேலைக்கு ஓடி வர வேண்டும். வராதவன் முதுகுக்குப் புளியம் விளாறால் அடி.

அந்தச் சத்தத்துக்கு இன்று யார் வருவார்கள்?

மறுபடி இழுத்தாள். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

தெருவே வந்தது.

யாரும் வாசலில் தயங்கவில்லை. சேற்றுக் காலோடு தர்பார் மண்டபத்தைக் கடந்து ஓடினார்கள். அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கினார்கள். அரண்மனையை ஒட்டிய ஓடைப் பாலத்தை வெள்ளம் மூடியிருந்தது. ஆறு பேர் மார்பளவு ஓடையில் இறங்கினார்கள். கட்டில் தலைகளுக்கு மேலே போனது.

யாரோ முன்னதாகவே நீந்திப் போய்ச் சொல்லியிருந்த ஆம்புலன்ஸ் அக்கரையில் நின்றது.

பன்னிரண்டாம் நாள் பிழைத்து வீடு வந்தார். தலையணையில் சாய்ந்ததும் கேட்டார்.

"யாரு யாரு தூக்குனாக?"

அவள் வாயைத் திறந்தாள்.

முகங்கள் வந்தன. நனைந்த தோள்கள் வந்தன. ஒரு பெயர்கூட வரவில்லை.

முப்பது வருடம்.

முகத்தைக் கழுவிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள். காரில் அல்லாமல் அந்தத் தெருவைப் பார்ப்பது முதல் தடவை.

முதல் வீடு. கூப்பிடப் பெயரில்லாமல் கதவைத் தட்டினாள்.

வந்தவளைத் தெரிந்தது. அன்று கட்டிலைத் தூக்கியபோது அவர் முகத்தில் மழை விழாமல் முந்தானையை விரித்துப் பிடித்தவள்.

"நாச்சியார்! சொல்லி விட்டா நானே வந்திருப்பேனே. ஐயா சொகமா இருக்காகளா?"

"இருக்காக. ஒங்களாலதான்." அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒங்க பேரு என்னம்மா?"

அந்தப் பெண் அவளையே பார்த்தாள்.

"பேச்சிக்கனி." பிறகு சிரித்தாள். "வெயில்ல நிக்காதிய. உள்ள வாங்க, காப்பி போடுதேன்."

நிலைக்கதவு தாழ்வாக இருந்தது.

நாச்சியார் நன்றாகக் குனிந்தாள்.