மேற்குச் சுவர்

மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் தெர்மோகோல் பலகை ஒட்ட ஆள் வந்ததும் இன்பமணி குறுக்கே நின்றாள்.

“வேண்டாம்லே எபி.”

“பகல் வெயிலையெல்லாம் குடிச்சிட்டு விடிய விடிய கக்குது இந்தச் சுவரு. நீ அதை ஒட்டியே கட்டிலப் போட்டு வேகுத. ஒதுங்கும்மா” என்றான் மகன்.

கொத்தனார் சுஜின் பலகையில் பசை தடவினான்.

“பைய அழுத்துய்யா. மூச்சு முட்டும்” என்றாள்.

“யாருக்கும்மா?”

அவள் சுவரைத் தடவிவிட்டு ஒதுங்கினாள்.

பலகைக்கு மேல் பூச்சும் முடிந்தது. மறுநாள் காலை அறை குளுகுளுவென்றிருந்தது. இன்பமணி சுவரில் உள்ளங்கையை வைத்தபடி விழித்துக் கிடந்தாள்.

“நல்லா தூங்கினியாம்மா?”

“ஒங்கப்பாவப் பொதச்ச நாள்லேருந்து இந்தச் சுவத்துலதாம்லே முதுகை ஒட்டிப் படுக்கேன். அவுக முதுகு மாதிரியே வெதுவெதுன்னு இருக்கும். நேத்து ராத்திரி தொட்டேன். சில்லுன்னு கெடக்காக.”