மூன்றாவது வரிசை

காட்டு ஆஸ்பத்திரிக் கணினியின் அட்டவணைக்குள் ஒரு நண்டு வேலை பார்த்து வந்தது. மேல்வரிசையில் நோயாளிகளின் பெயர்கள் இருக்கும். அதன் கீழே நோய், அதற்கும் கீழே கொடுக்க வேண்டிய உணவு. நண்டு பக்கவாட்டில் நடந்து பெயரைக் கண்டுபிடித்து, நேர்கீழே மூன்றாவது வரிசைக்கு இறங்கி, அங்கே இருப்பதை எடுத்து வரும். மேலாளர் கரடி எழுதிக் கொடுத்த உத்தரவு அது. அதை மீறி நடக்க நண்டுக்குக் கால் வராது.

ஒருநாள் கரடி, உணவு வரிசைக்கு மேலே ‘சாப்பிடக் கூடாதவை’ என்று புது வரிசை ஒன்றைச் செருகியது.

“ஐயா, சாப்பாடு நாலாவதுக்குப் போயிடுச்சு. நம்பரை மாத்துங்க,” என்றது நண்டு.

“நீ நடக்கிற வேலையைப் பாரு. யோசிக்க நான் இருக்கேன்.”

மதியம் மான்குட்டியின் பெயர் வந்தது. மூன்றாவது வரிசையில் இருந்ததை நண்டு கொண்டுவர, சமையல்கட்டு அதையே பரிமாறியது. மாலைக்குள் குட்டி நுரை தள்ளியது.

தாய்மான் அலறியபோது கரடி நண்டைக் காட்டியது. “இந்தக் கோணல் நடைக்காரன் பண்ணின வேலைம்மா.”

நண்டுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. “கோணலா நடந்தாலும் நீ சொன்ன இடத்துக்குத்தான்யா போனேன்! இப்பவாவது மாத்தித் தொலை, அடுத்து முயல் காத்திருக்கு!”

கரடி உடனே மாற்றியது, நண்டை.

புது நண்டு பணிவாக நின்றது. “எந்த வரிசைங்க ஐயா?”

“மூணாவது,” என்றது கரடி.

வெளியே பழைய நண்டு ஜன்னல் கண்ணாடியைக் கொடுக்கால் இடித்துக்கொண்டே இருந்தது.