மாற்றுத் துணி

"கடைக்குள்ள இன்னும் இடுப்பளவு தண்ணி நிக்குது, ஷமீமு. நாலு தையல் மெஷினும் முங்கிட்டு." போனில் அகமது கபீரின் குரல் உடைந்தது.

"உங்களுக்கு ஒண்ணும் ஆவலைல்லா? அது போதும்," என்றாள் அவன் மனைவி ஷமீம் பானு.

"பதினஞ்சு வருச உழைப்பு, ஒரே நாள் மழையில போச்சே! இன்சூரன்ஸும் போடல."

"ஏன் போடல?"

"இங்கன வெள்ளம் வரும்னு யாரு நெனச்சா?"

"சரி, விடுங்க. கொஞ்சம் பணம் அனுப்பியிருக்கேன்."

"அங்கன நீ தனியாக் கெடந்து சம்பாதிச்சதை நான் எப்படி வாங்குவேன்?"

"பதினஞ்சு வருசமா நீங்க அனுப்பினதை நான் வாங்கலையா? துபாய்லருந்து திருவனந்தபுரத்துக்கு டிக்கெட்டும் போட்டாச்சு. வந்து சேருங்க."

ஐந்தருவியில் தன் சிப்ஸ் கடையைத் திறந்தபடியே பேசினாள் ஷமீம்.

"ஊருக்கு வந்து நான் என்ன செய்ய?"

"சாரல் தொடங்கப் போவுது. சீசன் வந்தா, அருவியில குளிச்சவங்க மாத்துத் துணி கேட்டு நம்ம கடை முன்னாலதான் நிக்காங்க. வீட்ல கெடந்த உங்க பழைய மெஷினுக்கு எண்ணெய் போட்டு இங்கன கொண்டாந்துட்டேன். தண்ணியில போனதைத் தண்ணியிலயே எடுப்போம்."

கபீர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்:

"அந்த மெஷினுக்குப் பதினாறாம் நம்பர் ஊசி. ஒரு பாக்கெட் வாங்கி வை."