சுண்டுவிரல் சீனி

ஊசி மகனின் தொடையில் இறங்கியது. தாய் அதைப் பார்க்கவே இல்லை.

பிலோமினா சிஸ்டரின் இடக்கைச் சுண்டுவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் நுனியில் சீனி.

வலக்கை ஊசியை உருவும் முன்பே இடக்கை குழந்தையின் வாய்க்குப் போய்விடும். இருபத்தாறு வருடப் பழக்கம். குத்திய செய்தி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் நாக்கு தித்தித்துவிடும். அந்த வேகத்தைப் பார்த்து மின்னலே வெட்கப்பட்டிருக்கிறது.

இன்று தாயின் உள்ளங்கை முந்திக்கொண்டது. மகனின் வாயைப் பொத்தியது.

விரல் அவள் புறங்கையில் முட்டி நின்றது.

சிஸ்டர் விரலை இழுத்துக்கொண்டதும் அவள் கையை எடுத்தாள். பிறகு வந்த அலறலில் சுகாதார நிலையத்தின் ஓடு நாலைந்து சரிந்திருக்கும். மூன்று தெரு தள்ளி மீன்காரர் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டாராம்.

"என்னட்டி இது? எங் கையால சீனி வாங்காத புள்ள இந்தக் கடக்கரையிலயே கெடயாது. ஊசின்னா பயந்தா வீட்டுலயே இருந்திருக்கணும்."

"ஊசி இன்னும் நாலு வேணாலும் போடுங்க சிஸ்டர். சீனிதான் ஆவாது."

மடியிலிருந்த காகிதத்தை நீட்டினாள்.

ஒன்றரை வயதுக்காரனின் ஈரலுக்குச் சீனியை, பழத்தின் இனிப்பைக்கூட, செரிக்கத் தெரியாது. அப்பா பாதி, அம்மா பாதி என்று பிறக்கும்போதே எழுதிவைத்த சொத்து.

ஆறாம் மாதம் ஒரு துண்டு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி.

இந்த ஊசியை அவனுக்குத் தாராளமாகப் போடலாம் என்று பெரிய டாக்டர் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். சிஸ்டரின் சுண்டுவிரலைப் பற்றி எழுத அவருக்குத் தோன்றவில்லை.

பிலோமினா இரண்டு முறை படித்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

எழுந்து குழாயடிக்குப் போனாள். முழங்கை வரை சோப்பு. அலசி, மறுபடி சோப்பு. புதுக் கட்டி பாதியாகத் தேய்ந்தது.

திரும்பி வந்து விரலை நீட்டினாள். குழந்தையிடம் அல்ல, தாயிடம்.

"மோந்து பாரு."

மோந்தாள். சோப்பு வாசம் மட்டும்.

தலையசைத்தாள்.

அவன் அந்த விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் இழுத்துக்கொண்டான். நாலு பல்லால் கடித்தான்.

அழுகை நின்றது.

வரிசையில் அடுத்த தாய் எழுந்து நின்றாள். பிலோமினா அவளைக் கவனிக்கவில்லை.

மேசைமேல் இருந்த சீனி டப்பாவையே, இருபத்தாறு வருடத்துக் குழந்தைகளை எண்ணுவதுபோல், பார்த்துக்கொண்டிருந்தாள்.